‘ஹேவ்’ எங்கே இடறுகிறது? அறிகுறி பார்த்துத் திருத்த ஒரு வழிமுறை

ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் வினைச்சொற்களில் ‘பி’ (ஆம், இஸ், ஆர்) முதலிடம் என்றால் அதற்கு அடுத்த இடம் ‘ஹேவ்’ என்ற சொல்லுக்கு. ஆங்கிலம் படிக்கத் தொடங்கிய உடனேயே அறிமுகமாகிவிடும் சொல்தான். ஆனாலும் வருஷக்கணக்காக ஆங்கிலத்திலேயே வேலை பார்ப்பவர்கள்கூட இதில் இடறுகிறார்கள். தமிழில் இதற்கு நேரான வினை கிடையாது என்பதே காரணம். ‘உடைத்தாயிரு’, ‘வைத்திரு’ என்று அகராதிகள் பொருள் சொல்லும். ஆனால் ‘நான் மூன்று தங்கைகளை உடைத்தாயிருக்கிறேன்’ என்று யார் பேசுகிறார்கள்? ‘எனக்கு மூன்று தங்கைகள் இருக்கிறார்கள்’ என்றுதான் சொல்வோம். அந்த ‘எனக்கு’, அந்த ‘இரு’ ஆகிய இரண்டும்தான் கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் காரணம்.

இதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் வாக்கியம் எந்த அறிகுறியைக் காட்டுகிறதோ அங்கே போய்ப் பார்த்தால் போதும். முதல் சோதனையை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், மற்ற எல்லாம் அதை நம்பித்தான் இருக்கிறது. ஒரு குறிப்பு: எல்லாம் தமிழ் எழுத்தில் இருப்பதால், செய்வதைக் குறிக்கும் சொல்லை ‘டூ’ என்றும், வினைக்கு முன்னால் வரும் சிறு சொல்லை ‘டு’ என்றும் எழுதியிருக்கிறேன்.

முதல் சோதனை: ‘ஹேவ்’ என்பதற்குப் பின்னால் என்ன நிற்கிறது?

பெயர்ச்சொல் நின்றால், அது முழு வினை. ‘ஐ ஹேவ் எ கார்’. கேள்வி கேட்கவும் மறுக்கவும் ‘டூ’ துணைக்கு வர வேண்டும்: ‘டூ யு ஹேவ் எ கார்’, ‘ஐ டோன்ட் ஹேவ் எ கார்’.

வினையின் மூன்றாம் வடிவம் (‘கோ, வென்ட், கான்’ என்ற வரிசையில் ‘கான்’) நின்றால், அது வெறும் துணைவினை. ‘ஐ ஹேவ் ஸீன் இட்’. இங்கே உடைமை என்ற பொருளே கிடையாது, தேடாதீர்கள். கேள்வியில் அதுவே முன்னால் நகரும்: ‘ஹேவ் யு ஸீன் இட்’.

‘டு’ சேர்ந்த வினை நின்றால், கட்டாயம். ‘ஐ ஹேவ் டு கோ’.

ஒரு பொருளும் அதற்குப் பின் மூன்றாம் வடிவமும் நின்றால், வேறு ஆளைக் கொண்டு செய்வித்தது. ‘ஐ ஹேட் மை கார் வாஷ்ட்’.

பார்வைக்கு ஒரே சொல், ஆனால் நான்கு வேலை. நீங்கள் எழுதியது எந்த வேலை என்று தெரிந்துகொண்ட பிறகு கீழே வாருங்கள்.

அறிகுறி: வாக்கியம் ‘ஃபார் மீ’, ‘டு மீ’, ‘வித் மீ’ என்று தொடங்குகிறது

‘ஃபார் மீ ஃபீவர் இஸ் தேர்.’ ‘வித் மீ நோ மனி.’ ‘இன் தட் ரூம் த்ரீ விண்டோஸ் ஆர் தேர்.’

இதில் தமிழ் அப்படியே தெரிகிறது. எனக்கு, என்னிடம், அந்த அறையில் என்ற மூன்றிலும் உள்ள வேற்றுமை உருபை ஆங்கிலத்துக்குச் சுமந்து போயிருக்கிறோம். ஆங்கிலத்துக்கு இங்கே உருபு வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு, மிஞ்சும் பெயரை எழுவாயாக நிறுத்தி, அடுத்து ‘ஹேவ்’ போடுங்கள். எனக்கு என்பதும் என்னிடம் என்பதும் ‘ஐ’ ஆகிவிடும்: ‘ஐ ஹேவ் எ ஃபீவர்’, ‘ஐ டோன்ட் ஹேவ் எனி மனி’. அறையில் என்பது வெறும் அறை ஆகிவிடும்: ‘தட் ரூம் ஹேஸ் த்ரீ விண்டோஸ்’. அறை எப்படி ஜன்னலை ‘வைத்திருக்கும்’ என்ற தயக்கம் நமக்கு வரும். ஆங்கிலத்துக்கு அந்தத் தயக்கம் இல்லை, உயிரில்லாத பொருளும் தாராளமாக இந்த வினைக்கு எழுவாயாகலாம். ‘தேர் ஆர் த்ரீ விண்டோஸ் இன் தட் ரூம்’ என்றும் சொல்லலாம், அதுவும் சரியே. ‘தேர்’ கடைசியில் போய் நிற்பதுதான் பிழை.

இந்தத் திருத்தத்தை எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். எனக்குப் பசிக்கிறது, தாகமாக இருக்கிறது, குளிர்கிறது போன்றவற்றுக்கு ஆங்கிலம் உரிச்சொல்லைக் கையில் வைத்திருக்கிறது, அதனால் ‘ஐ ஆம் ஹங்ரி’, ‘ஐ ஆம் தர்ஸ்டி’, ‘ஐ ஆம் கோல்ட்’ என்று ‘பி’ பக்கம் போய்விடும். வயதும் அப்படித்தான். காய்ச்சல், சளி, இருமல், தலைவலி எல்லாம் பெயர்ச்சொற்கள், அவை ‘ஹேவ்’ பக்கம். ‘ஐ ஆம் கோல்ட்’ என்றால் குளிர்கிறது, ‘ஐ ஹேவ் எ கோல்ட்’ என்றால் சளி பிடித்திருக்கிறது. நடுவே உள்ள ‘எ’ விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் இன்னொன்று. எதையாவது கேட்க நினைக்கும்போதெல்லாம் ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்கிறோம். நம்மவர்களுக்குள் பேசும்போது இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர் ஒருவர் இதைக் கேட்டால், நீங்கள் சொன்னதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ என்பது எங்கும் பத்திரம்.

அறிகுறி: ‘ஐ ஆம் ஹேவிங்’ நாக்கில் வந்துகொண்டே இருக்கிறது

‘ஐ ஆம் ஹேவிங் த்ரீ சிஸ்டர்ஸ்.’ ‘ஆர் யு ஹேவிங் எ பென்?’ தமிழர்களிடம் அடிக்கடி கேட்கும் பிழை எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

‘இருக்கிறது’ என்ற ஒரே வடிவத்தில் நாம் எப்போதும் உள்ளதையும் சொல்கிறோம், இப்போது நடப்பதையும் சொல்கிறோம். ஆங்கிலம் இரண்டையும் பிரித்துவைக்கிறது. எப்போது ‘ஹேவிங்’ சரி என்பதைத் தமிழை வைத்தே சோதித்துவிடலாம். உங்கள் வாக்கியத்தில் ‘கொண்டிருக்கிறேன்’ என்பதை ஒட்டிப் பாருங்கள். ‘மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’ ஒட்டுகிறது, ஆகவே ‘ஐ ஆம் ஹேவிங் லன்ச்’ சரி. ‘எனக்கு மூன்று தங்கைகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பது கேட்கவே விநோதமாக இருக்கிறது, ஆகவே ‘ஐ ஹேவ் த்ரீ சிஸ்டர்ஸ்’. பேனா, கார், வேலை, நேரம், அனுபவம், நண்பர்கள், யோசனை, சந்தேகம் எல்லாமே ஒட்டாதவை. சாப்பாடு, குளியல், பேச்சு, சண்டை, கூட்டம், விருந்து எல்லாமே ஒட்டுபவை. அங்கே ‘ஹேவ்’ உடைமையைக் குறிக்காது, ஒரு செயலைச் செய்வதைக் குறிக்கும்.

சிரமப்படுவதும் செயல் கணக்கில்தான் சேரும்: ‘ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் திஸ் மெஷின்’. முன்கூட்டியே ஏற்பாடு செய்த நிகழ்ச்சிக்கும் இந்த வடிவம் வரும்: ‘வி ஆர் ஹேவிங் எ மீட்டிங் டுமாரோ’. இங்கே ‘கொண்டிருக்கிறோம்’ சோதனை தோற்றுவிடும். நாளை என்ற சொல் இருந்தால் சோதனையை ஒதுக்கிவைத்துவிட்டு, அது நிகழ்ச்சியா பொருளா என்று மட்டும் பாருங்கள்.

அர்த்தமே மாறிப்போகிற இடமும் உண்டு. ‘ஷி ஹேஸ் எ பேபி’ என்றால் அவளுக்குக் குழந்தை இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் எ பேபி’ என்றால் அவள் கர்ப்பமாக இருக்கிறாள், அல்லது இதோ பிரசவம் நடந்துகொண்டிருக்கிறது. இரட்டைக் குழந்தைகளுக்குத் தாயான ஒருவரைப் பற்றி ‘ஷி இஸ் ஹேவிங் ட்வின்ஸ்’ என்று சொல்லிவைத்தால் கேட்பவர் வாழ்த்து அனுப்பிவிடுவார்.

அறிகுறி: ‘ஹி ஹேவ்’, ‘டஸ் ஹி ஹேஸ்’, ‘டிட் யு ஹேட்’

இது சின்ன விஷயம். நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட், ஒருமைப் பெயர் வந்தால் ‘ஹேஸ்’. ‘எவ்ரிஒன்’ பார்க்கப் பன்மை போல இருந்தாலும் ஒருமைதான். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்’ என்பதில் எழுவாய் ‘ஒன்’, எனவே அதற்கும் ‘ஹேஸ்’.

டஸ், டிட் வந்த வாக்கியத்தில் காலத்தையும் ஒருமையையும் அந்தச் சொற்களே வாங்கிக்கொண்டுவிடும், பின்னால் நிற்பது எப்போதும் ‘ஹேவ்’. ‘டஸ் ஹி ஹேவ்’, ‘ஷி டஸன்ட் ஹேவ்’, ‘டிட் யு ஹேவ்’. வில், கேன், மே, மஸ்ட், ஷுட் முதலியவற்றுக்குப் பின்னாலும் இதே கதை. ‘ஹி மஸ்ட் ஹேஸ்’ என்று ஒன்று கிடையவே கிடையாது.

‘ஹேவ்’ ஏன் ‘ஹேவ்ட்’ ஆகாமல் ‘ஹேட்’ ஆனது என்று குழந்தைகள் கேட்பார்கள். பழைய ஆங்கிலத்தில் அதன் இறந்தகால வடிவம் கிட்டத்தட்ட ‘ஹேவ்டெ’ என்றுதான் ஒலித்தது. பேசிப்பேசி நடுவே இருந்த ‘வ்’ தேய்ந்துபோய்விட்டது. அதிகம் புழங்கும் சொல் சீக்கிரம் தேயும்.

அறிகுறி: ‘ஹேவ்’ இருக்கும் வாக்கியத்திலேயே ‘எஸ்டர்டே’ இருக்கிறது

‘ஐ ஹேவ் ஸென்ட் தி ஃபைல் எஸ்டர்டே.’ இலக்கணம் நன்றாகத் தெரிந்தவர்களிடமும் இந்தப் பிழை தப்பாமல் வருகிறது. தமிழ் தவறாக வழிகாட்டுகிறது, அதுவும் மிக நம்பகமான குரலில்.

‘அனுப்பியிருக்கிறேன்’ என்பதற்கு ‘ஐ ஹேவ் ஸென்ட்’ என்று பழகியிருக்கிறோம். உருவத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி: வினை முடிந்த வடிவம், அதோடு நிகழ்கால ‘இரு’ அல்லது ‘ஹேவ்’. ஆனால் தமிழில் ‘நேற்று அனுப்பியிருக்கிறேன்’ என்றோ ‘போன வருஷமே எழுதியிருக்கிறேன்’ என்றோ கூசாமல் சொல்லலாம். ஆங்கிலத்தில் இந்த வடிவம், முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்து உட்காராது. அதன் பார்வை முழுக்க இன்றைய நிலைமேல்: ஃபைல் போய்விட்டது, இப்போது உங்களிடம் இருக்கிறது, அவ்வளவுதான். எப்போது போனது என்று சொல்லத் தொடங்கியதுமே அது கடந்தகாலக் கதையாகிவிடுகிறது, அப்போது இரண்டாம் வடிவம் வேண்டும்.

திருத்தும் வழி: வாக்கியத்தில் ‘எப்போது’ என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு முடிந்த நேரம் இருக்கிறதா? எஸ்டர்டே, லாஸ்ட் வீக், இன் 2019, டென் மினிட்ஸ் எகோ? இருந்தால் ‘ஹேவ்’ வெளியே: ‘ஐ ஸென்ட் தி ஃபைல் எஸ்டர்டே’. அல்லது நேரத்தை வெளியேற்றிவிட்டு ‘ஹேவ்’ வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஐ ஹேவ் ஸென்ட் தி ஃபைல்’. இரண்டில் ஒன்று போக வேண்டும். ‘வென்’ என்று தொடங்கும் கேள்வியும் இதில் அடக்கம். ‘வென் ஹேவ் யு கம்’ என்பது பிழை, ‘வென் டிட் யு கம்’ என்பதே சரி.

இன்னும் முடியாத நேரம் என்றால் தடையில்லை. டுடே, திஸ் வீக், ஸோ ஃபார், எவர், நெவர், எட் இவையெல்லாம் ‘ஹேவ்’ கூடவே வரும். ‘திஸ் மார்னிங்’ கொஞ்சம் வேடிக்கை: காலை பத்து மணிக்குச் சொன்னால் ‘ஐ ஹேவ் கால்ட் ஹிம் திஸ் மார்னிங்’ சரியாக இருக்கும், மாலையில் சொன்னால் ‘ஐ கால்ட் ஹிம்’ ஆகிவிடும். அமெரிக்கர்கள் ‘டிட் யு ஈட் எட்’, ‘ஐ ஆல்ரெடி ஏட்’ என்று பேசுவதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம், அங்கே அந்த வழக்கம் உண்டு. பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹேவ் யு ஈட்டன் எட்’ என்பதே இயல்பு. எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹேவ்’, ‘எஸ்டர்டே’ ஜோடியை மட்டும் இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்ளாது.

இதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. தமிழில் ‘இருக்கிறது’ ஊகத்துக்கும் உதவுகிறது. காலையில் எழுந்து ஈரத் தெருவைப் பார்த்துவிட்டு ‘ராத்திரி மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை, தடயத்தைப் பார்த்துச் சொல்கிறோம். இதை ‘இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்று மாற்றினால் இரண்டு விதத்தில் போச்சு: நேரமும் இடிக்கிறது, ஊகம் என்பதும் தொலைந்துவிடுகிறது. ‘இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்’ என்பதுதான் அந்தத் தமிழ் வாக்கியம். இங்கே ‘லாஸ்ட் நைட்’ வந்தும் பிழையில்லையே என்று கேட்பீர்கள். மஸ்ட், மே, குட் போன்றவற்றுக்குப் பின்னால் வரும் ‘ஹேவ்’ இறந்தகாலத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமே, நிகழ்காலத்தோடு அதற்கு ஒட்டுறவு இல்லை. அதனால் முடிந்த நேரச் சொல்லும் அதோடு வரலாம்.

அறிகுறி: சாதாரண பழைய செய்திக்கெல்லாம் ‘ஹேட்’ வந்துவிடுகிறது

‘ஐ ஹேட் கான் டு தி லைப்ரரி எஸ்டர்டே.’ ‘ஐ ஹேட் ஸென்ட் யு எ மெயில் லாஸ்ட் வீக்.’ அலுவலகக் கடிதங்களில் இது நிறைந்து கிடக்கும்.

மேலே பார்த்த பிழையின் உடன்பிறப்பு. ‘நேற்று நூலகத்துக்குப் போயிருந்தேன்’ என்று தமிழில் சொல்லும்போது, போய்விட்டுத் திரும்பிவிட்டேன், அது முடிந்த கதை என்ற தொனி கிடைக்கிறது. அந்தப் ‘போயிருந்தேன்’ நேராக ‘ஹேட் கான்’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஹேட்’ சேர்ந்த மூன்றாம் வடிவம், கடந்தகாலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சிக்கும் முந்தியது என்று காட்டத்தான் வரும். ‘ஐ ஹேட் ஸென்ட் யு எ மெயில்’ என்று படிக்கும் ஆங்கிலேயர், சரி, அப்புறம் என்ன ஆயிற்று என்று அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருப்பார். அங்கே ஒன்றும் இருக்காது.

ஆகவே ‘ஹேட்’ எழுதியதும் இரண்டாவது நிகழ்ச்சி எங்கே என்று தேடுங்கள். கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள்: ‘வென் வி ரீச்ட் தி ஸ்டேஷன், தி டிரெயின் ஹேட் லெஃப்ட்’. நாங்கள் போனது பிறகு, வண்டி கிளம்பியது முன்பு. இதையே ‘தி டிரெயின் லெஃப்ட்’ என்று மாற்றினால் நீங்கள் போனவுடன் வண்டி கிளம்பியதாக ஆகிவிடும், எனவே இங்கே ‘ஹேட்’ வேலை செய்கிறது. கிடைக்காவிட்டால் வெறும் இரண்டாம் வடிவம் போதும்: ‘ஐ வென்ட் டு தி லைப்ரரி எஸ்டர்டே’. ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இருந்தால் எது முன், எது பின் என்பதை அந்தச் சொற்களே சொல்லிவிடும், அங்கே ‘ஹேட்’ இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

‘ஹேட் ஹேட்’ என்று அடுத்தடுத்து வந்தால் அச்சுப்பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடாதீர்கள். ‘ஐ ஹேட் ஹேட் லன்ச் பிஃபோர் ஹி கேம்’ என்பதில் முதலாவது துணைவினை, இரண்டாவது சாப்பிட்டதைச் சொல்லும் முழு வினையின் மூன்றாம் வடிவம். முதல் சோதனையைப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும்.

அறிகுறி: ‘ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’

ஐந்து வருஷமாக இங்கே இருக்கிறேன். தமிழில் நிகழ்காலம் போதும், ஆங்கிலத்தில் போதாது. முன்பு தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருப்பதற்கு ‘ஹேவ் பீன்’ வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் லிவிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. எவ்வளவு காலம் என்றால் ‘ஃபார்’, எப்போதிலிருந்து என்றால் ‘சின்ஸ்’. ‘சின்ஸ் 2020’ சரி, ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ பிழை. ‘ஐ லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று சொன்னால் இப்போது நீங்கள் அங்கே வசிக்கவில்லை என்று பொருள்.

அறிகுறி: ‘ஹேஸ் கான்’ என்பதா, ‘ஹேஸ் பீன்’ என்பதா?

‘அவர் லண்டன் போயிருக்கிறார்.’ இன்னும் அங்கேயே இருக்கிறாரா, போய்விட்டு வந்தவரா? தமிழ் சூழலை நம்பி விட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் இன்னும் திரும்பவில்லை என்றால் ‘ஹி ஹேஸ் கான் டு லண்டன்’, போய்வந்த அனுபவம் என்றால் ‘ஹி ஹேஸ் பீன் டு லண்டன்’. ‘ஐ ஹேவ் கான் டு லண்டன்’ என்று எதிரே நின்றுகொண்டு சொல்வது விநோதமாக ஒலிப்பதற்கு இதுவே காரணம்.

அறிகுறி: ‘ஐ ஹேவ் வென்ட்’, ‘ஐ ஹேவ் ஸா’, ‘ஐ ஹேவ் டிட்’

இரண்டாம் வடிவம் மூன்றாம் வடிவத்தின் இடத்தில் ஏறிக்கொண்டது. கான், ஸீன், டன், ரிட்டன், டேக்கன், கிவன், ஈட்டன், ஸ்போக்கன் என்பவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர குறுக்குவழி கிடையாது. கம், ரன் இரண்டும் மூன்றாம் வடிவத்தில் முதல் வடிவத்துக்கே திரும்பிவிடும்: ‘ஹேவ் கம்’, ‘ஹேவ் ரன்’.

அறிகுறி: ‘டோன்ட் ஹேவ் டு’ சொன்னால் எதிராளி வேறாகப் புரிந்துகொள்கிறார்

‘ஹேவ் டு’, ‘மஸ்ட்’ இரண்டும் நேர் வாக்கியத்தில் ஏறக்குறைய ஒன்று. மறுத்தவுடன் எதிரெதிர் திசையில் போய்விடும். ‘யு டோன்ட் ஹேவ் டு கம்’ என்றால் வரத் தேவையில்லை, வந்தாலும் சரிதான். ‘யு மஸ்ட் நாட் கம்’ என்றால் வரக்கூடாது. தமிழில் நாம் அதிகம் சொல்லும் ‘வர வேண்டாம்’ இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கரிசனமாகவும் சொல்லலாம், தடுத்தும் சொல்லலாம், குரல்தான் வேறுபாடு காட்டும். எனவே ஆங்கிலத்துக்குப் போகும் முன் ‘வேண்டாம்’ என்பதைத் தமிழிலேயே ‘தேவையில்லை’ அல்லது ‘கூடாது’ என்று பிரித்துக்கொள்ளுங்கள். மின்சாரக் கம்பிக்குப் பக்கத்தில் ‘யு டோன்ட் ஹேவ் டு டச் திஸ்’ என்று எழுதிவைத்தால், விருப்பமிருந்தால் தொடலாம் என்று ஆகிவிடும்.

கட்டாயப் பொருளில் ‘மஸ்ட்’ என்பதற்கு இறந்தகாலம் கிடையாது, எனவே நேற்றைய கட்டாயம் முழுவதும் ‘ஹேட் டு’ தான். அதிலும் ‘ஐ ஹேட் டு பே’ என்று சொன்னால், வேறு வழியில்லாமல் கட்டியே விட்டேன் என்றுதான் பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள். கட்ட வேண்டியிருந்தது, ஆனால் கட்டவில்லை என்பதற்கு ‘ஐ வாஸ் ஸப்போஸ்ட் டு பே’ பொருத்தம்.

உச்சரிப்பு: சேர்த்துச் சொல்லும்போது ‘ஹேவ் டு’ என்பது ‘ஹேஃப் டு’ என்று ஒலிக்கும், ‘ஹேஸ் டு’ என்பதில் உள்ள ‘ஸ்’ அதிர்வில்லாமல் ஒலிக்கும். அடுத்து வரும் ‘ட்’ முந்தைய ஒலியின் அதிர்வை எடுத்துவிடுகிறது.

அறிகுறி: ‘மஸ்ட் ஹேவ்’, ‘ஷுட் ஹேவ்’ இரண்டில் எது என்று தெரியவில்லை

‘அவன் வந்திருக்க வேண்டும்’ என்று தமிழில் சொல்லிப் பாருங்கள். வாசலில் அவன் வண்டி நிற்பதைப் பார்த்துச் சொன்னால் அது ஊகம். கூட்டம் முடிந்தபின் காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னால் அது குறை. ஒரே வாக்கியம். ஆங்கிலத்தில் முதலாவது ‘ஹி மஸ்ட் ஹேவ் கம்’, இரண்டாவது ‘ஹி ஷுட் ஹேவ் கம்’. மாற்றிப் போட்டால் செய்தியே தலைகீழ். ‘யு மஸ்ட் ஹேவ் ஸென்ட் தி ரிப்போர்ட்’ என்று மேலாளர் எழுதினால், ஓ, நான் அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று படிப்பவர் நிம்மதியாக இருந்துவிடுவார். மேலாளர் சொல்ல வந்ததோ, ஏன் அனுப்பவில்லை என்று.

சோதனை ஒன்றே ஒன்று: அது நடந்ததா? நடந்திருக்கும் என்று நம்பினால் ‘மஸ்ட் ஹேவ்’. நடக்கவில்லை என்று தெரிந்து வருந்தினால் ‘ஷுட் ஹேவ்’. ‘வந்திருக்கலாம்’ என்பதும் இதே இரட்டை வேஷம் போடும். வந்தானோ என்னவோ என்றால் ‘மே ஹேவ் கம்’. வந்திருக்க முடியும், ஆனால் வரவில்லை என்றால் ‘குட் ஹேவ் கம்’. ‘குட் ஹேவ்’ ஊகத்துக்கும் வருவதுண்டு என்பதால், குழப்பம் கூடாத இடத்தில் ஊகத்துக்கு ‘மே’ அல்லது ‘மைட்’ போட்டுவிடுங்கள். ‘வந்திருக்கவே முடியாது’ என்பது ‘கான்ட் ஹேவ் கம்’. ‘நீட்ன்ட் ஹேவ் கம்’ என்றால் வந்துவிட்டான், அந்த அலைச்சல் தேவையே இல்லை.

தமிழ் நமக்குக் கைகொடுக்கும் இடமும் இங்கேதான் இருக்கிறது. ‘நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்’. இதில் இரண்டு ‘இரு’ உண்டு, ஆங்கிலத்திலும் இரண்டு இடத்தில் ‘ஹேவ்’ குடும்பம் வரும்: ‘இஃப் யு ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்’. சொல்லியிருந்தால் என்பது ‘ஹேட் டோல்ட்’, வந்திருப்பேன் என்பது ‘வுட் ஹேவ் கம்’. ‘வுட்’ என்பதை ‘இஃப்’ பக்கம் தூக்கிப் போகாமல் இருந்தால் போதும்.

அறிகுறி: நீங்கள் செய்யாததை நீங்களே செய்ததாக வாக்கியம் சொல்கிறது

‘ஐ ரிப்பேர்ட் மை ஃபோன்.’ கடையில் கொடுத்துச் சரிசெய்தீர்கள், ஆனால் வாக்கியம் உங்களைத் தொழில்நுட்பர் ஆக்கிவிட்டது. தமிழில் ‘வீடு கட்டினேன்’ என்றால் கொத்தனாரை வைத்துக் கட்டியதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் ஆளை வைத்துச் செய்ததை வடிவத்திலேயே காட்ட வேண்டும்: ‘ஐ ஹேட் மை ஃபோன் ரிப்பேர்ட்’. பொருள் நடுவில், மூன்றாம் வடிவம் கடைசியில். இந்த வரிசை புரண்டால் ‘ஐ ஹேட் ரிப்பேர்ட் மை ஃபோன்’ ஆகி, மேலே சொன்ன முந்திய நிகழ்ச்சி வடிவத்துக்குள் போய் விழும்.

நமக்கு நேர்ந்த கெடுதலுக்கும் இதே அமைப்பு வரும். ‘ஷி ஹேட் ஹெர் பேக் ஸ்டோலன்’ என்றால் அவள் பை திருட்டுப்போனது, ஆள் வைத்துத் திருடச் சொன்னாள் என்று படிக்க வேண்டாம்.

செய்கிற ஆளைச் சொல்ல வேண்டுமானால் முதல் வடிவம்: ‘ஐ வில் ஹேவ் ஹிம் கால் யு’. ‘கெட்’ போட்டால் மட்டும் ‘டு’ கூட வரும்: ‘ஐ வில் கெட் ஹிம் டு கால் யு’.

அறிகுறி: எழுத்தில் புரிகிறது, காதில் ‘ஹேவ்’ விழவே இல்லை

விழாது. வேகமான பேச்சில் துணைவினை ‘ஹேவ்’ வெறும் ‘வ்’ ஆகவும் ‘ஹேட்’ வெறும் ‘ட்’ ஆகவும் ‘ஹேஸ்’ வெறும் ‘ஸ்’ ஆகவும் முந்தைய சொல்லில் கரைந்துவிடும். ‘ஷுட் ஹேவ்’ என்பது ‘ஷுடவ்’ என்று கேட்பதால் ஆங்கிலேயர்களே பலர் அதை ‘ஷுட் ஆஃப்’ என்று தப்பாக எழுதுகிறார்கள். நீங்கள் அதைப் பார்த்துப் படியெடுக்காதீர்கள்.

காதில் விழாத இடத்தில் பின்னால் வரும் சொல்தான் சாட்சி. ‘ஹீஸ் டயர்ட்’ என்பதில் ‘இஸ்’, ‘ஹீஸ் ஸீன் இட்’ என்பதில் ‘ஹேஸ்’. ‘ஐட் ஸீன்’ என்றால் ‘ஹேட்’, ‘ஐட் ஸீ’ என்றால் ‘வுட்’. ‘ஐட் கம்’ என்றால் இரண்டும் ஆகலாம், முதல் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றாகவே இருப்பதால். அங்கே முழுக் கதையையும் கேட்டால்தான் தெரியும். ‘யுட் பெட்டர் கோ’ என்பதில் இருப்பது ‘ஹேட்’, ஆனால் இறந்தகாலம் அல்ல: நீ இப்போதே கிளம்புவது நல்லது என்ற அறிவுரை, சில சமயம் மிரட்டல். அதனால் மேலதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள்.

‘ஐவ் காட் எ கார்’ என்று கேட்டால் காரை வாங்கிவிட்டார் என்று நினைக்க வேண்டாம், ‘ஐ ஹேவ் எ கார்’ என்பதையே பிரிட்டிஷ் பேச்சுவழக்கில் அப்படிச் சொல்வார்கள். அமெரிக்கர் ‘ஐவ் காட்டன்’ என்றால்தான் கிடைத்தது, வாங்கினேன் என்ற பொருள் வரும்.

சுருக்கும்போது கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘ஹேவ் யு ஸீன் இட்’ என்ற கேள்விக்கு ‘யெஸ், ஐவ்’ என்று பதில் சொல்லக்கூடாது. வாக்கியத்தின் கடைசியில் நின்றால் ‘ஹேவ்’ முழுதாக ஒலிக்க வேண்டும்: ‘யெஸ், ஐ ஹேவ்’. ‘நோ, ஐ ஹேவன்ட்’ என்று மறுக்கும்போது மட்டும் அந்தச் சுருக்கம் செல்லும்.